மூன்றாம் பந்தி

ஏப்ரல் 22, செவ்வாய்

மழை. பால் அண்டாவை இறக்கும்போது மணிக்கட்டில் சூடு பட்டுவிட்டது. பெரிய காயமில்லை.

மதியம் இரண்டேமுக்காலுக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாரிசெல் டீச்சர் பள்ளிச் சமையல்கூடத்து ஜன்னலில் தலையை நீட்டினார். "யாஸ்னா, கை காலியானதும் ஒரு நிமிஷம் வர்றீங்களா?" தேய்த்ததைப் பாதியில் போட்டுவிட்டுப் போனேன்.

என் பெண் ராயென் கடித்துவிட்டாள். லவுத்தாரோவின் முன்கையில். நெல்சன் கார்காமோவின் பையன் அவன். பல் பதிந்திருக்கிறது, ரத்தம் இல்லை. எதற்காக? ஒரு பச்சைக் கலர் பென்சிலுக்காக.

மார்ச்சில் பள்ளி திறந்ததிலிருந்து இது நாலாவது. முதலில் ஒருத்தியைப் பிடித்துத் தள்ளினாள். பிறகு புத்தகத்தை வீசினாள். அப்புறம் ஒருநாள் தரையில் படுத்துக்கொண்டு கத்தல். இப்போது கடி. ஆறு வயது. வீட்டில் எறும்பைத் தாண்டிப் போகிற பெண் இவள். யார் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று நிஜமாகவே ஒரு கணம் நினைத்தேன்.

டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார். "ஜூன் பதினேழாம் தேதி ஆசிரியர் கூட்டம். இப்படியே போனா அரைநாள் வகுப்புக்கு மாத்தச் சொல்வாங்க. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் ஆசைப்பட்டுச் சொல்லல."

வீட்டில் யார் இருக்கிறார்கள்? என் கணவர் எட்கார்டோவுக்கு சால்மன் பண்ணையில் வேலை. பதினாலு நாள் கடலில், ஏழு நாள் வீட்டில். நான்தான் வேலையை விட வேண்டும். அதுகூடப் போகட்டும். முதல் வகுப்பிலேயே 'வீட்டுக்கு அனுப்பின பொண்ணு' என்று பெயர் வாங்கிவிட்டால், எட்டாம் வகுப்பு வரை அது கூடவே வரும். இந்தத் தீவில் ஆன்குட் எப்படிப்பட்ட சின்ன ஊர் என்று எனக்குத் தெரியாதா.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று பரிமாறும்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் புயலில் உணவுக்கூடத்தின் பாதிக் கூரை போனதிலிருந்து மூன்று பந்தி. பன்னிரண்டேகாலுக்கு ஒன்று, ஒன்று பத்துக்கு ஒன்று, இரண்டு ஐந்துக்குக் கடைசி. பேருந்தில் வருகிற கிராமத்துப் பிள்ளைகளுக்கு முதல் பந்தி. விடியுமுன்னே எழுந்து வருகிறவர்கள், அவர்கள்தான் முதலில் சாப்பிட வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னபோது நானும்தான் தலையாட்டினேன். ஊருக்குள்ளேயே இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்குக் கடைசி.

ராயென் தட்டை வாங்கினாள். மேஜைக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. நடந்துகொண்டே வாயில் போட்டுக்கொண்டாள், விரல் நுனியெல்லாம் மசித்த உருளைக்கிழங்கு. சாப்பிட்டு முடித்ததும் முகம் மாறியது. பக்கத்துப் பெண்ணோடு ஏதோ சிரித்தாள். இரண்டு மணி வரை வேறு ஒருத்தி, இரண்டரைக்கு என் பெண்.

வீட்டுக்கு நடக்கும்போது அரைநாள் விஷயத்தைச் சொன்னேன். பயமுறுத்தத்தான் சொன்னேன், மறைக்க என்ன இருக்கிறது.

"அப்போ பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துடலாமா?"

"ஆமா. எல்லாரும் அங்க இருப்பாங்க, நீ மட்டும் இங்க."

"வந்ததும் சாப்பிடலாம்ல?"

நான் தண்டனை என்று நடுங்குவது அவளுக்குச் சாப்பாடாகத் தெரிகிறது.

ஏப்ரல் 28, திங்கள்

சரி, பசிதான். பசிக்கு மருந்து எனக்குத் தெரியாதா, நாள் முழுக்க அதுதானே என் வேலை.

இன்றிலிருந்து ஓன்சே பலமாக. ராத்திரி எட்டு மணிக்கு விறகடுப்புப் பக்கத்தில் மேஜையைப் போட்டு, வெறும் ரொட்டியும் தேநீரும் என்றில்லாமல், இரண்டு ரொட்டி, அவகாடோ, முட்டை, பாலாடைக்கட்டி, மேலே ஒரு துண்டு ஆப்பிள் கேக். ராத்திரிச் சாப்பாடு என்று தனியாக ஒன்று இந்த வீட்டில் எப்போதும் கிடையாது, ஓன்சேதான் எல்லாம். அதை இரண்டு மடங்காக்கினால் மறுநாள் மதியம்வரை தாங்கும்.

வயிறு புடைக்கச் சாப்பிட்டாள். எனக்கு மனசு நிறைந்தது.

மே 5, திங்கள்

தாங்கவில்லை.

ஒரு வாரமாகக் காலையில் எதையும் தொடமாட்டேன் என்கிறாள். பள்ளியில் எட்டேகாலுக்கு நான் ஊற்றிக் கொடுக்கிற பாலையே பாதி வைத்துவிட்டுப் போகிறாள். "வயிறு தூங்குதும்மா" என்கிறாள். பத்து மணி இடைவேளையில் பொட்டலத்திலிருக்கும் பிஸ்கட்டை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாளாம். அதன்பிறகு நாலு மணி நேரம் ஒன்றுமில்லை.

இன்று கத்தரிக்கோலை எறிந்தாள். யார் மேலும் படவில்லை. படாமல் இருந்தது அவள் புண்ணியமில்லை.

மே 8, வியாழன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

முதல் பந்தி நடக்கும்போது ராயென் கழிவறைக்கு என்று கேட்டுக்கொண்டு சமையல்கூடத்துப் பின்கதவுக்கு வந்தாள். நான்தான் வரச்சொல்லியிருந்தேன். மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கவைத்து ஒரு கிண்ணம் கோழிக்கறிச் சாறு கொடுத்தேன். எர்சிரா அக்கா பார்த்தார். பதினேழு வருஷமாக அந்த அடுப்பில் நிற்கிறவர். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

இரண்டு வாய்தான் குடித்திருப்பாள். தண்ணீர் கேட்டு வந்த மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டாள். "எனக்கும்தான் பசிக்குது. எனக்கு ஏன் இல்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் நின்றேன், கரண்டியோடு, கையும் களவுமாக. அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்ல? நான் இவளுக்கு அம்மா, உனக்கு வெறும் சமையல்காரி என்றா?

மே 9, வெள்ளி

சமையல்கூட மேற்பார்வையாளர், விஷயம் தெரிந்து, எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். பந்தி நேரம் தவிர யாருக்கும் தட்டு கிடையாது, பிள்ளைகள் சமையல்கூடத்துக்குள் வரக் கூடாது. கையெழுத்துப் போட்டேன். அவர்மேல் தப்பில்லை.

ராயென் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. திட்டு வாங்கியது நான், குனிந்தது அவள் தலை.

எட்கார்டோ போன் செய்தார். "நாலு போடு போட்டா சரியாயிடும்" என்றார். நாலு போடு போட வேண்டுமானால் முதலில் கரைக்கு வாங்க என்று வைத்துவிட்டேன். பாவம், அவரும் அலையில் ஆடிக்கொண்டு என்ன செய்வார். நாளைக்கு நானே கூப்பிட வேண்டும்.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். எர்சிரா அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அவருடைய பிள்ளைகள் எல்லாம் கடலுக்கு அக்கரையில், புவெர்ட்டோ மோன்ட்டில், ஒருத்தரும் வரவில்லை. "சமைச்சுப் பழகின கை, மூணு பேருக்காவது ஆக்கணும், வந்து தின்னுட்டுப் போங்க" என்றார்.

கோழி வேக நேரமாகிவிட்டது. சாப்பிட உட்காரும்போது மூன்று மணி. எனக்குக் கண்ணெல்லாம் அவள்மேல்தான், இன்று இங்கே யாரைக் கடிக்கப்போகிறாளோ என்று. ஒன்றுமில்லை. கோழிக்கூண்டு பக்கம் விளையாடிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் வந்தாள், கை கழுவினாள், உட்கார்ந்தாள்.

மூன்று மணி. பள்ளியைவிட ஒரு மணி நேரம் தாமதம். எப்படி?

திரும்பும் வழியெல்லாம் இதே யோசனை. இன்று அவள் எழுந்தது ஒன்பதுக்கு. பத்துக்கு முட்டையும் ரொட்டியும் தின்றாள். எழுந்ததிலிருந்து மூன்றுவரை ஆறு மணி நேரம்தான். மற்ற நாளில்? நான் ஆறேமுக்காலுக்கு அடுப்பு மூட்ட வேண்டும் என்பதால் அவளை ஐந்து ஐம்பதுக்கு எழுப்புகிறேன். எழுப்புவதா, தூக்கிக்கொண்டு போவது. ஐந்து ஐம்பதிலிருந்து இரண்டு ஐந்துவரை... எட்டேகால் மணி நேரம்.

மூன்று வாரமாகச் சாப்பாட்டு மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுகிற மணியை ஒருமுறைகூட நினைக்கவில்லை. கூடவே ராத்திரி எட்டு மணிக்கு வயிற்றை அடைத்து, காலையில் இருக்கிற கொஞ்ச பசியையும் கெடுத்தது நான்தான்.

மே 12, திங்கள்

முதல் பந்தியில் தட்டு நீட்டிய பேருந்துப் பிள்ளைகளிடம் கேட்டேன். நீ எத்தனை மணிக்கு எழுந்தே? நீ?

ஆறரை. ஏழு. ஏழு மணிக்குப் பத்து நிமிஷம். ரொம்பத் தூரத்திலிருந்து வருகிற பையன், "ஆறேகால், அத்தை. எங்க வீட்டு நாய்கூட எழுந்திருக்காது" என்றான், பெருமையாக.

ஐந்து ஐம்பது யாருமில்லை. விடியுமுன் எழுகிறவர்களுக்கு முதல் பந்தி. அந்தக் கணக்கில் பள்ளியிலேயே முதல் தட்டு என் பெண்ணுடையது. கடைசியில் நிற்கிறாள். வரிசையை நடத்துகிற கையே என்னுடையது, எனக்கே தெரியவில்லை.

மே 14, புதன்

டீச்சரைப் பார்த்தேன். கோபமாகப் பேசக் கூடாது என்று நாலு தடவை சொல்லிக்கொண்டுதான் போனேன்.

வகுப்பின் நடத்தைக் குறிப்பேட்டைக் காட்டச் சொன்னேன். ராயெனின் பக்கம். ஒவ்வொரு குறிப்பிலும் மணி எழுதியிருக்கிறார், ஒழுங்கானவர். 12.50. 1.20. 1.05. 1.35. 1.40. காலையில் ஒன்றுகூட இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

டீச்சர் அந்த மணிகளை விரல்வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் நான் கேட்காமலே மற்றப் பிள்ளைகளின் பக்கங்களைப் புரட்டினார், எனக்குத் தெரியாமல் தன் பக்கம் சாய்த்து. ஐந்தாறு பக்கம் போனதும் மூடிவிட்டார். "மத்தவங்களும்தான்" என்றார். "அழுகை, சண்டை, தலைவலி. எல்லாம் அந்த நேரத்துலதான். இவ மட்டும் கொஞ்சம் சத்தமா."

ஐந்து ஐம்பதைச் சொன்னேன். நான்தானே எழுப்புறேன் டீச்சர், நான்தானே கூட்டிட்டு வர்றேன், எனக்கே தோணல பாருங்க...

அவர் சமாதானம் சொல்லவில்லை, அது பிடித்திருந்தது. "நான் இவங்களைச் சாப்பிட வெச்சுட்டுத்தான் சாப்பிடறேன், மூணு மணிக்கு" என்றார். "ஒரு மணிக்கு மேல எனக்கே யாரையாவது கடிக்கலாம்னு இருக்கும்."

எனக்குத் தெரியும். ராயென் போன வாரமே சொல்லிவிட்டாள். டீச்சர் அலமாரிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு பிஸ்கட் தின்பாராம், பிள்ளைகள் பார்க்காத மாதிரி இருப்பார்களாம். அதை நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது.

முதல் பந்தியில் இவளைச் சேர்க்கக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். ராயெனிடம் கேட்டேன். "பெரிய பசங்களோடயா? தனியாவா? மாட்டேன்." அவ்வளவுதான்.

மே 15, வியாழன்

டீச்சரே வழி சொன்னார். பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முழுவதற்கும் பத்து நிமிஷம். பிஸ்கட், இனிப்பு வேண்டாம். ரொட்டி, முட்டை, பழம், ஏதாவது வயிற்றில் நிற்கிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். தலைமையாசிரியர், பெற்றோர் ஒத்துக்கொண்டால் சரி என்றாராம்.

பெற்றோர். அங்கேதான் நெல்சன் கார்காமோ இருக்கிறார்.

மே 19, திங்கள்

பெற்றோர் கூட்டம். குட்டி நாற்காலியில் முழங்கால் தாடைக்கு வர உட்கார்ந்திருந்தோம்.

ஒரு அம்மா, "வகுப்புல சாப்பிட்டா எலி வரும்" என்றார். இன்னொருவர், "எங்க வீட்டுப் பிள்ளைக்கு அப்படியெல்லாம் பசிக்காது" என்றார். அந்த வீட்டுப் பிள்ளை தினமும் ஒரு மணிக்குத் தலைவலி என்று அழுகிறவன். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார், நானும்.

நெல்சன் எழுந்தார். மீன்பிடிப் படகுக்காரர், உயரமான ஆள், அந்த நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"கடிச்சது இவங்க பொண்ணு, கடி வாங்கினது என் பையன். அதனால நான் பேசலாம்னு நினைக்கறேன்."

போச்சு என்று நினைத்தேன். முகம் சுட்டது.

"நாங்க படகுல காலை நாலு மணிக்குக் கிளம்புவோம். ஒன்பது மணிக்கு ரொட்டியும் சூடா ஏதாவதும் கொடுக்கலேன்னா, வலை இழுக்கிற ஆம்பளைங்க ஒருத்தனை ஒருத்தன் தண்ணியில தள்ளிடுவாங்க. முப்பது நாப்பது வயசு ஆளுங்க. இதுங்களுக்கு ஆறு வயசு." அப்புறம் என்னைப் பார்த்து, "இருந்தாலும் கடிச்சது தப்புதான்."

"தப்புதான்" என்றேன். "அதுல எனக்கு மறுபேச்சே இல்ல."

கை தூக்கினார்கள். எலி அம்மாவைத் தவிர எல்லோரும்.

மே 20, செவ்வாய்

எர்சிரா அக்கா அடுப்பு மூட்டுவதைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. நான் இனி ஏழரைக்கு வந்தால் போதும், அதற்குப் பதிலாகச் சாயங்காலம் தரை கழுவுவது முழுக்க என்னுடையது.

"ஏன்க்கா உங்களுக்கு?"

"நாலு மணிக்கே முழிச்சு கோழிகளோட பேசிட்டிருக்கேன். இங்க வந்து அண்டாவோட பேசறேன். உனக்கென்ன?"

கட்டிப்பிடிக்கப் போனேன். கையில் கத்தி இருக்கு, தள்ளிப் போ என்றார்.

மே 26, திங்கள்

புது ஒழுங்கு. ஓன்சே ஆறரைக்கு, அளவாக. எட்டுக்குப் படுக்கை. ஆறேமுக்காலுக்கு எழுப்புகிறேன். பள்ளியில் பால் ஒரு கோப்பை, வெண்ணெய் ரொட்டி பாதி. பத்து மணிக்குப் பழம். பன்னிரண்டு மணிக்கு மில்காவ். துருவின உருளைக்கிழங்கில் பன்றிக் கொழுப்பு வைத்து ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாரத்துக்குச் சுட்டுவைத்துவிடுகிறேன். ஒன்று தின்றால் இரண்டு மணி நேரம் வயிறு வாயைத் திறக்காது.

லவுத்தாரோ முதல் நாளே பாதி கேட்டு வாங்கித் தின்றானாம். இப்போது இரண்டு கட்டுகிறேன்.

மே 29, வியாழன்

ஒன்றுமில்லை. அதாவது குறிப்பேட்டில் ஒன்றுமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

மாரிசெல் டீச்சருக்குக் காய்ச்சல். வேறொரு டீச்சர் வந்திருக்கிறார், இளம்பெண், விஷயம் தெரியாது. பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் பையைத் திறந்ததும் வகுப்பில் சாப்பாடா என்று மூடச்சொல்லிவிட்டார். யாரும் அவருக்குச் சொல்லிவைக்கவில்லை.

எனக்குத் தெரியவந்தது இரண்டாம் பந்தி முடியும்போது. அந்த டீச்சர் ராயெனின் கையைப் பிடித்துக்கொண்டு நடைக்கூடத்தில் வந்துகொண்டிருந்தார். என் கையிலிருந்த தட்டு நழுவியது. முடிந்தது, கூட்டத்துக்கு இரண்டே வாரம் இருக்கும்போது முடிந்தது, யாரையடி கடிச்சே, எங்கடி கடிச்சே...

"நீங்கதான் இவ அம்மாவா?" என்றார். "மேஜைக்கு அடியில போய் உட்கார்ந்துட்டா. ஏன்னு கேட்டேன். 'எனக்குக் கோவம் வருது, பசிக்கறதால வருது, அதான் கையைத் தொடைக்கு அடியில வெச்சிருக்கேன்'னு சொன்னா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

கோவம் வந்தா முதல்ல வயித்தைக் கேளு என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கையைத் தொடைக்கு அடியில் வைப்பது அவளே கண்டுபிடித்தது.

டீச்சருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. திரும்பிப் போய் எல்லோரையும் பையைத் திறக்கச் சொன்னாராம், மணி ஒன்றரைக்கு. அதனால் கடைசிப் பந்தியில் பாதித் தட்டு மீந்தது. மேற்பார்வையாளர் முறைத்தார். முறைக்கட்டும்.

ஜூன் 4, புதன்

எட்கார்டோ கரைக்கு வந்திருக்கிறார். மில்காவை ராயென் அப்பாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே கொடுத்தாள். "இது பன்னிரண்டு மணிக்குத்தான், இப்பவே தின்னா அப்புறம் நீங்க கடிப்பீங்க." அவர் என்னைப் பார்த்தார். போடு விஷயத்தை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கூட்டம் நாலு மணிக்கு. நான் தரை கழுவிக்கொண்டிருந்தேன், ஒரே இடத்தை மூன்று தடவை.

ஐந்தரைக்கு மாரிசெல் டீச்சர் வந்தார், ஈரத்தரையில் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றார். "ராயென் பேர் வந்துச்சு. 'மே ஐந்துக்கப்புறம் குறிப்பு எதுவும் இல்ல'ன்னு சொன்னேன். அடுத்த பேருக்குப் போயிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். என்ன, கொட்டு மேளம் வேணுமா?"

அவர் போனதும் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட அண்டாமேல் உட்கார்ந்து அழுதேன். எர்சிரா அக்கா இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். நல்லவேளை, போய்விட்டார்.

ஜூன் 18, புதன்

விடுமுறைக்கு முந்தின கடைசிப் பள்ளி நாள். வெளியே ஆலங்கட்டி மழை. மூன்றாம் பந்தி இரண்டு பத்துக்குத்தான் ஆரம்பித்தது. இரண்டாம் பந்தியில் யாரோ சாற்றைக் கொட்டிவிட்டார்கள், துடைக்க வேண்டியிருந்தது.

இன்று கோழியும் சோறும், பிள்ளைகளுக்குப் பிடித்த நாள். ராயென் நாலாவதாக நின்றாள். முன்னால் இருந்தவள் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தாள், அவள் நிமிரும்வரை ராயென் தாண்டிப் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். லவுத்தாரோவோடு எதைப் பற்றியோ தீவிரமாகப் பேச்சு. தன் முறை வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை, நான்தான் கரண்டியால் அண்டாவில் தட்டினேன்.

தட்டை நீட்டினாள். வழக்கம்போல நிறையப் போட்டேன். இரண்டாவது கரண்டியைத் தூக்கியதும் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"போதும். எனக்கு அவ்வளவு பசியில்ல."

கரண்டி கையிலேயே நின்றது. பெற்ற பிள்ளைக்குக் குறைவாகப் பரிமாறி இப்படிச் சந்தோஷப்பட்டவள் இந்தத் தீவில் வேறு யாராவது இருப்பாளா தெரியவில்லை. அவள் அதற்குள் மேஜைக்குப் போய்விட்டாள், பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டே. கரண்டியிலிருந்ததை அடுத்த பிள்ளைக்குப் போட்டேன்.